காற்றுத் தேவர்களும் விழிஞ்ஞக் கடலும்



விழிஞ்ஞம் பண்டு ஆய் மன்னரின் துறைமுகமாக விளங்கிய ஊர். இக்கடலோரத்தில் வாழும் நமக்குக் காற்றின் பேச்சு அயலன்று. வடக்கினின்று வீசுவதை வாடை என்றும், தெற்கினின்று வருவதைத் தென்றல் என்றும், கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர்.

பண்டைக் கிரேக்கர் இந்நான்கையும் தெய்வங்களாகவே கொண்டனர். வாடைக்குப் போரியஸ், தென்காற்றுக்கு நோட்டஸ், கீழ்காற்றுக்கு யூரஸ், மேல்காற்றுக்குச் செபிரஸ். நமக்கு இனியது தென்றல். அவர்க்கு இனியவன் செபிரஸ். கி.மு. 480-இல் படையெடுத்து வந்த பாரசீகரின் கப்பல்கள் புயலிற் சிதையவே, ஏதென்ஸ் மக்கள் போரியஸுக்குக் கோயில் எடுத்தனர். உரோமர் செபிரஸைப் பவோனியஸ் என்றனர்.

அந்தப் பவோனியஸ் நம் கரைக்கும் உறவினன். இந்தியாவுக்குக் கப்பல்களைக் கொணர்ந்த மேல்காற்றை மாலுமிகள் ஹிப்பலஸ் என அழைத்தனர் என்றும், அதனைத் துணைக்கொண்டால் செங்கடல் வாயிலிலுள்ள ஒகேலிஸிலிருந்து 40 நாளில் முசிறியை அடையலாம் என்றும் கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி எழுதினார். நடுக்கடலில் நேர்வழி கண்ட மாலுமி ஒருவன் பெயரே அக்காற்றுக்கு வாய்த்தது என்று அதே காலத்துப் பெரிப்புளூஸ் என்னும் கடற்பயண நூல் கூறும். அந்நூல் சுட்டும் பலித என்னும் துறை விழிஞ்ஞமே என்று கருதுவாரும் உளர்.

ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒரு கதை உண்டு. காற்றுகளின் காவலன் ஏயோலஸ், முரட்டுக் காற்றுகளை மாட்டுத்தோற் பையில் அடைத்து ஒடிசியஸிடம் தந்தான். ஊர் சேர்க்கும் மேல்காற்றை மட்டும் வெளியே விட்டான். பைக்குள் இருப்பது யாதென ஒடிசியஸ் தோழர்க்குச் சொல்லவில்லை. பத்தாம் நாள் தாயகக் கரை கண்ணுக்குத் தெரிந்தபோது அவன் அயர்ந்து உறங்கினான். பொன்னும் வெள்ளியும் இருக்குமென்று தோழர் பையை அவிழ்த்தனர். சீறி எழுந்த காற்றுகள் கப்பல்களை மீண்டும் நடுக்கடலுக்கே அடித்துச் சென்றன.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயலை நாம் மறக்கவியலுமா? புயற்செய்தி பரவுமுன்பே படகுகள் பல ஆழ்கடல் சென்றிருந்தன. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் குமரிக் கடலோர ஊர்களிலும் மீளாதவர் பலர். அவர் வருகைக்காகக் கரையிற் காத்திருந்த தாய்மாரும் பலர்.

ஆகவே, காற்றைப் பற்றி அறிந்தவர் அதனை அறியாதார்க்கு உடனே சொல்லுதல் கடமை. வானொலியில் வானிலை அறிக்கை கேட்போர் அண்டை வீட்டார்க்கும், கடலுக்குப் புறப்படுவார்க்கும் அதனை எடுத்துரைப்பீர்களாக. நம் சங்கமும் இப்பணியை மேற்கொள்ள வேண்டுமெனக் கேட்டு அமைகின்றோம்.