வால்வு சிவந்தால் வால்வின் மேல் பழி போடாதீர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



“உபயோகமா ஏதாவது பேசுங்க, பதினைந்து நிமிஷம்தான்” என்று செயலர் சொல்லியிருக்கிறார். வேலைவாய்ப்பு பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதையும் தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன்.

என் ஊர் செங்கம். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. வடக்கே ஜவ்வாது மலை. மலைபடுகடாம் பாடப்பட்ட நன்னனின் ஊர் இதுதான் என்று எங்கள் தமிழாசிரியர் வருஷத்துக்கு நாலு முறை சொல்வார். மலையில் எழும் ஓசைகளை வைத்தே பெயர் அமைந்த நூல் அது. ஓசைக்கும் எங்கள் ஊருக்கும் அந்த அளவுக்குப் பழைய சம்பந்தம்!

நான் சொல்ல வருவது வேறு ஓசை. திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் எங்கள் தெருவில் ஒரு மாமா மைக் செட் கட்டுவார். ட்ரான்சிஸ்டர் செட் வந்த பிறகும், இரண்டு ஈ.எல்.34 வால்வு போட்ட 30 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை அவர் விடவில்லை. 2011-ல் நான் இங்கே மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ். அந்தப் பெட்டி உறும ஆரம்பித்தது, பாட்டும் கரகரத்தது. “தம்பி, நீ படிக்கிறதே இதானே, பாத்துக் குடு” என்று வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நம் பாடத்திட்டத்தில் வால்வுக்கு இருந்தது ஒன்றரைப் பக்கம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு வால்வின் பிளேட் அடுப்புக்கரி மாதிரி சிவந்திருந்தது. வால்வு போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மாமாவின் பணத்தில் ரிச்சி தெருவில் புது ஜோடி வாங்கினேன். இரண்டு காதுகுத்துக்கு அவர் வாங்கின கூலி அது. உறுமல் இருக்கிறதே என்று ஃபில்டர் கண்டென்சரையும் மாற்றினேன். அரைமணி நேரம் நன்றாகப் பாடியது. பிறகு அதே பக்கம், புது வால்வு, அதே சிவப்பு.

அன்று ராத்திரி இன்னொன்றும் நடந்தது. ஸ்விட்சை அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கினேன், சேசிஸுக்குள் கையை விட்டேன். கை தானாகப் பின்னால் பறந்து முழங்கை சுவரில் அடித்தது. 50 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் 430 வோல்ட் அப்படியே நின்றிருந்தது. கணக்குப் போட்டால் நாலரை ஜூல். அதை வடிக்க வேண்டிய பிளீடர் ரெசிஸ்டர் எப்போதோ செத்துப்போயிருந்தது. இன்னொரு கை சேசிஸைப் பிடித்திருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போயிருக்கும், இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். எங்கள் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது, யாரும் சொல்லிவிடாதீர்கள்.

தம்பி தங்கைகளே, மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு நல்ல இன்சுலேஷன் உள்ள வயரும் கிளிப்பும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஒரு முனையைச் சேசிஸில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு ஃபில்டர் கண்டென்சரிலும் ஐந்து விநாடி வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் பண்ணுவது வீரமில்லை, கண்டென்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. பிறகு மீட்டர் வைத்துப் பூஜ்யம்தானா என்று பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். பழைய ஏசி-டிசி ரேடியோக்களில் சேசிஸே நேராக மெயின்ஸில் இணைந்திருக்கும், அவற்றை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

கதைக்கு வருகிறேன். மறுநாள் மாமா வந்தார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. “பல்பு பீஸாவுதுன்னு பல்பையே மாத்திக்கிட்டிருந்தா, லைன்ல என்னா வருதுன்னு யாரு பாக்கறது?” என்றார். பிறகு இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போடச் சொன்னார். மாற்றினேன். சிவப்பு வால்வோடு போகவில்லை, அதே சாக்கெட்டில் நின்றது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் மீட்டரை எடுத்தேன். ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் 470 ஓம் ரெசிஸ்டர் இருந்தது. நல்ல பக்கத்தில் 28 வோல்ட், அதாவது 60 மில்லி ஆம்பியர். சிவந்த பக்கத்தில் 41 வோல்ட், 87 மில்லி ஆம்பியர். வால்வின் மேல் விழுகிற சுமார் 390 வோல்ட்டால் பெருக்கினால் 30 வாட்டைத் தாண்டுகிறது. ஈ.எல்.34-ன் பிளேட் தாங்குவது 25. சிவக்காமல் என்ன செய்யும்?

கரண்ட் ஏன் கூடியது? கிரிட்டை அளந்தேன். சேசிஸுக்கு நேராகப் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ் இருந்தது. முந்தின வால்வின் பிளேட்டிலிருந்து பாட்டை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டென்சர் கசிந்திருக்கிறது. கசிவு என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். 6.5 மெகா ஓம் கசிவு போதும். கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம், பின்னால் 235 வோல்ட், கிரிட்டில் சுமார் 16 வோல்ட் வந்துவிடும். சாதாரண மீட்டரின் ஒன்பது வோல்ட் பேட்டரியில் சோதித்தால் அந்தக் கண்டென்சர் ‘நான் நல்லவன்’ என்றுதான் சொல்லும். வேலை செய்யும் வோல்ட்டேஜில்தான் குட்டு வெளிப்படும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டென்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். பாசிட்டிவ் போய்விட்டால் குற்றவாளி கண்டென்சர். அப்படியும் இருந்தால் வால்வுக்குள் வாயு புகுந்திருக்கலாம், அப்போது வால்வைக் குறை சொல்லலாம். எங்கள் பெட்டியில் போய்விட்டது. சில ரூபாய்க்கு 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. சிவப்பும் போனது, உறுமலும் போனது. உறுமல் ஏன் போனது? இரண்டு வால்வும் சமமாக இழுத்தால் சப்ளையிலுள்ள 100 ஹெர்ட்ஸ் அலை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒன்று அதிகம் இழுத்ததால் மிச்சம் ஸ்பீக்கருக்கு வந்திருக்கிறது. நான் மாற்றின ஃபில்டர் கண்டென்சரும் தண்டம்தான். 100 ஹெர்ட்ஸ் உறுமலா, 50 ஹெர்ட்ஸ் உறுமலா என்று காதால் பிரிக்கப் பழகுங்கள். 50 என்றால் ஹீட்டர் வயர், எர்த், ஷீல்டு பக்கம் தேட வேண்டும்.

மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். “உன் பணம் வீணாப் போச்சு மாமா.” அவர் புது வால்வுகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, “வீணா எங்கப்பா போச்சு, ஸ்பேர்தானே” என்றார். முதல் சம்பளத்தில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றவர், அத்தை முறைத்ததும் வாங்கிக்கொண்டார்.

மற்றக் கோளாறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்கில் கிடந்த பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். கார்பன் ரெசிஸ்டர்கள் வயதானால் மதிப்பு ஏறும். பென்சிலால் மெல்லத் தட்டினால் சத்தம் வருகிறதா? வால்வின் கால், சாக்கெட், சால்டர் மூன்றையும் பாருங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்யூம் ஏற்றாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் பக்கத்தில் இன்னொரு கோளாறு உண்டு, டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் குளவி மண்கூடு கட்டிவிடும். அதற்கு எந்தப் புத்தகத்திலும் பக்கமில்லை!

இதெல்லாம் இன்று எதற்கு என்று கேட்கலாம். பிற்பாடு நான் அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்தேன். செங்கத்தில் மலை மறைப்பதால் 144 மெகா ஹெர்ட்ஸ் சில திசைகளில் தள்ளாடும், 7 மெகா ஹெர்ட்ஸ் தாண்டிப் போகும். மூத்த ஹாம் ஒருவர் 807 வால்வு ஒன்றைக் கொடுத்தார். ஒரு தலைமுறை இந்திய ஹாம்கள் 807-லும் மைக் செட்டிலும்தான் ஏ.எம். பேசினார்கள். முழு மாடுலேஷனுக்கு டிரான்ஸ்மிட்டர் வாங்கும் டிசி வாட்டில் பாதி, ஒலி வாட்டாக வேண்டும். 60-க்கு 30, மாமாவின் பெட்டி கச்சிதம். மைக் வயரில் 7 மெகா ஹெர்ட்ஸ் புகுந்து கத்தியது, உள்ளே நுழையும் இடத்தில் 100 பிகோஃபாரட் போட்டேன், அடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானிலிருந்து முதல் நாட்களில் செய்தி கொண்டுவந்தது ஹாம்கள்தான். அவர்கள் கையில் இருந்தது நவீன செட், ஆனால் எது கெட்டாலும் தேடுகிற முறை ஒன்றுதான்.

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட பழைய வால்வுகள் இன்னும் சில பரண்களில் தூங்குகின்றன. உங்கள் வீட்டில் இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்த ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு எலக்ட்ரானிக்ஸ் லேபில் திறந்து வைப்போம். மாமாவும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் வெள்ளைத் துண்டு. கசிந்த கண்டென்சர் ஒரு சோப்பு டப்பாவில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டுகிறேன். டிஸ்சார்ஜ் பண்ணும் வரை யாரும் கை வைக்காதீர்கள்.