எண்ணிக்கையும் மதிப்பும்

(பொன்விழா ஆண்டுக் கல்வி உபகாரச் சம்பளம் வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





கல்வித் துணைக்குழுவில் இருக்கும் நாங்கள் மூவருமே கடைக்காரர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்த கையோடு அத்தாவின் கல்லாவில் உட்கார்ந்தவர்கள். சரக்கு, பற்று, வரவு, இவைதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அப்படிப்பட்ட நாங்கள் இன்று மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றால் அதற்குக் காரணம் நாங்கள் செய்த ஒரு தவறு. பொன்விழா மலரில் சாதனைகளை மட்டும் எழுதாமல் இதையும் எழுதி வைப்பது நல்லது என்று செயலவையில் பெரியவர்கள் சொன்னார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இருவர் நம் சங்கத்தின் உதவிக்கு விண்ணப்பித்திருந்தார்கள். நிதி ஒருவருக்குத்தான் இருந்தது. ஒருவர் பெயரில் 9 ஆய்வுக் கட்டுரைகள். இன்னொருவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகள். ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்துச் சோதிப்பவர். அவர் பெயரில் ஒரே ஒரு கட்டுரை. அதைப் பிறர் மேற்கோள் காட்டியது 2 முறை. எங்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பது பெரிதா, ஒன்று பெரிதா? பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் தந்தை கடைக்கு வந்தார். சாப்பாட்டுக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஏன் கொடுக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. “தம்பி, பிள்ளைக்கு ரெண்டுன்னு ஒரு நம்பர் போட்டிருந்தீங்களாமே, அது என்னா நம்பரு? அதுக்கு என்னா அர்த்தம்?” என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. “விசாரிச்சுச் சொல்றோம் மாமா” என்றோம். விசாரித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் யாருடைய ஆய்வைப் பயன்படுத்தினார் என்பதைக் கடைசியில் பட்டியலிடுவார். அதுதான் மேற்கோள். யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைத் திரட்டி 1964-இல் பெரிய அட்டவணையாக வெளியிட்டவர் யூஜின் கார்ஃபீல்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் இருந்தது அவருடைய நிறுவனம். ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது, பின்னால் வந்தவர்கள் அதை ஏற்றார்களா மறுத்தார்களா என்று தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவி அது. நம் பேரேட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேரேட்டைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கமும் மெல்ல வந்துவிட்டது.

2005-இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இன்னும் எளிதான ஓர் எண்ணைச் சொன்னார். அதற்கு எச்-குறியீடு என்று பெயர். ஒருவருடைய குறியீடு 10 என்றால், அவர் எழுதியவற்றில் 10 கட்டுரைகளாவது தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். கடைக் கணக்கில் சொன்னால், 10 சரக்குகள், ஒவ்வொன்றையும் குறைந்தது 10 பேர் வாங்கியிருக்கிறார்கள். சரி. மூன்றே சரக்கு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஆயிரம் பேர் வாங்குகிறார்கள். அந்தக் கடையின் குறியீடு என்ன? வெறும் 3. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நாம் யாருமே அந்தக் கடையை நட்டத்தில் ஓடும் கடை என்று சொல்லமாட்டோமே!

அதே 2005-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

ஹங்கேரி நாட்டில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவருக்கு 1955-இல் பிறந்த மகள் கத்தலின் கரிக்கோ. குழாய்த் தண்ணீர் இல்லாத சிறிய வீட்டில் வளர்ந்தவர். உயிர்வேதியியல் படித்து ஆய்வாளர் ஆனார். 1985-இல் வேலை போனதும், கணவருடனும் இரண்டு வயது மகளுடனும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். காரை விற்ற பணத்தை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்து எடுத்துச் சென்றார்கள். கப்பலேறி வந்த நம் முன்னோர் இடுப்பு வாரில் காசை முடிந்துகொண்டு வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை.

அவர் நம்பியது எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூற்றை. உடலின் உயிரணுவுக்கு “இந்தப் புரதத்தைச் செய்” என்று சொல்லும் கட்டளைச் சீட்டு அது. அந்தச் சீட்டை நாமே எழுதி அனுப்பினால் உடலே மருந்தைத் தயாரித்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். ஆனால் வெளியிலிருந்து அனுப்பிய சீட்டைக் கண்டதும் உடல் எதிரி வந்துவிட்டான் என்று கொந்தளித்தது, அழற்சி உண்டானது. நிதி கேட்டு அவர் எழுதிய விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டன. ஆராய்ச்சி உலகில் இது ஒரு சுழல். நிதி வேண்டுமென்றால் கட்டுரை வேண்டும். கட்டுரைக்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு நிதி வேண்டும். 1995-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கம் செய்தது. அந்தப் பல்கலைக்கழகம் இருப்பதும் பிலடெல்பியாவில்தான். மேற்கோள்களை எண்ணும் பேரேடு பிறந்த அதே ஊரில், ஆய்வுக்கு நிதி கிடைக்காத ஒருவர் கீழே இறக்கப்பட்டார்.

அவர் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகவில்லை. நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே ட்ரூ வைஸ்மேன் என்ற மருத்துவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். எம்ஆர்என்ஏவில் உள்ள யூரிடின் என்ற பகுதிக்குப் பதிலாகச் சூடோயூரிடின் என்ற மாற்றுப் பொருளை வைத்தால் உடல் கொந்தளிப்பதில்லை என்று கண்டுபிடித்து, 2005-இல் இம்யூனிட்டி என்ற ஏட்டில் வெளியிட்டார்கள். உலகமே தொலைபேசியில் அழைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அழைப்பு வரவில்லை. அன்று அந்தக் கட்டுரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் படித்த சிலர் சரியாகப் படித்தார்கள். ஹார்வர்டில் இருந்த டெரிக் ராஸி அந்த வழியைப் பயன்படுத்தித் தம் ஆய்வை 2010-இல் வெளியிட்டார். மொடர்னா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கரிக்கோ 2013-இல் ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார்.

மிச்சக் கதை நமக்கே தெரியும். 2020-இல் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. ஜனாஸாவுக்குக்கூட எண்ணிக்கை பார்த்துத்தான் போனோம். அந்த ஆண்டு ரமலானில் நம் சங்கத்தில் சேர்ந்து உட்கார்ந்து நோன்பு திறக்கவில்லை. டிசம்பர் 30-ஆம் தேதி சிங்கப்பூரில் முதல் தடுப்பூசி போடப்பட்டது. அது ஃபைசரும் பயோஎன்டெக்கும் செய்தது; பிறகு மொடர்னாவும் வந்தது. இரண்டிலுமே யூரிடினுக்குப் பதிலாக இருப்பது சூடோயூரிடினின் நெருங்கிய உறவான ஒரு பொருள். இந்த மண்டபத்தில் நம்மில் பெரும்பாலோர் கையில் ஏற்றிக்கொண்டது, 2005-இல் யாரும் கவனிக்காத அந்தக் கட்டுரையின் பயனைத்தான். 2023-இல் கரிக்கோவும் வைஸ்மேனும் நோபெல் பரிசு பெற்றார்கள். இன்று அந்தக் கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்கள். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது.

எண்ணிக்கை கூடுதலாக இருப்பதும் எப்போதும் பெருமையில்லை. 1998-இல் லான்செட் ஏட்டில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர், 12 பிள்ளைகளைப் பார்த்ததாகச் சொல்லி, தட்டம்மைத் தடுப்பூசியையும் மதியிறுக்கத்தையும் முடிச்சுப் போடும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பயந்துபோன பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விட்டார்கள். 2010-இல் அந்த ஏடு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அந்தக் கட்டுரையை மிகப் பலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தவறு என்று நிரூபிக்க எழுதியவர்களும் மேற்கோள் காட்டித்தானே எழுதவேண்டும்? எண்ணும் இயந்திரத்துக்குப் பாராட்டும் ஒன்று, திட்டும் ஒன்று.

இதற்காக எண்ணே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கணக்கு எழுதாத கடை நிலைக்காது. நம்பர் குறைவாக இருப்பவர் எல்லாரும் கரிக்கோ என்றும் சொல்லவில்லை. எண் ஒரு கேள்வியைத் தொடங்கி வைக்கவேண்டும். நாங்கள் அதையே முடிவாக்கிவிட்டோம். அதுதான் எங்கள் தவறு.

அந்த இரண்டு விண்ணப்பங்களையும் பிறகு எடுத்துப் பார்த்தோம். ஒன்பது கட்டுரைகளில் பெரும்பாலானவை இருபது பேர் சேர்ந்து எழுதியவை. அதில் குறையில்லை, பெரிய ஆய்வுகள் அப்படித்தான் நடக்கும். அந்தத் தம்பியும் உதவிக்குத் தகுதியானவர்தான். ஆனால் அவர் செய்த வேலை எது என்று நாங்கள் கேட்கவில்லை. தங்கையின் ஒரே கட்டுரைக்குப் பின்னால் மூன்று ஆண்டு உழைப்பு இருந்தது. அதையும் கேட்கவில்லை. உதவி கிடைக்காததால் அவர் இரவில் துணைப்பாட வகுப்பு எடுத்துப் படிப்பை முடித்தார். ஓராண்டு தாமதமானது. அந்த ஓராண்டை எங்களால் திருப்பித் தர முடியாது.

அதன் பிறகு முறையை மாற்றினோம். இப்போது விண்ணப்பிப்பவரை நேரில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்கிறோம். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்? அதில் உங்கள் கைவேலை எது? அது தவறாகப் போனால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? எங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்கிறோம். எங்களுக்கு விளங்காத இடத்தில் துறை அறிந்தவர்களிடம் கேட்கிறோம். அந்தத் தங்கையும் அழைத்தவுடன் வந்து குழுவில் உட்கார்ந்து உதவுகிறார். அவருடைய பெருந்தன்மைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

பெற்றோர்களே, ஆராய்ச்சிக்குப் போன பிள்ளையிடம் “எத்தனை கட்டுரை வந்தது, எப்போது சம்பாதிப்பாய்?” என்று கேட்பதற்கு முன், “இன்னைக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன பார்த்தாய்?” என்று ஒரு நாள் கேளுங்கள். பாதி புரியாது. பரவாயில்லை, கேளுங்கள்.

அந்த மாமாவுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று. “அந்த ரெண்டுக்கு அர்த்தம், இதுவரை ரெண்டு பேர் அதைப் பயன்படுத்தியிருக்காங்கன்னு மட்டும்தான் மாமா” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “அட, நான் கடை திறந்த முதல் நாள்கூட ரெண்டு பேர்தானப்பா வந்தாங்க” என்றார்.