தொழிலுக்கேற்ற இயந்திரம்: மாவரைக்கும் தொழிலை முன்னிட்டுச் சில யோசனைகள்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நம் மக்கள் எங்கே சென்றாலும் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்களுள் இட்லிக்கு முதலிடம் உண்டு. பம்பாயின் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியின் கரோல் பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும், கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தழைத்த இடங்களிலெல்லாம் இட்லியும் அதன் மாவும் ஒரு சிறு தொழிலாகவே வளர்ந்துவிட்டன. உணவு விடுதி வைக்கும் அளவிற்கு முதல் இல்லாதவர்களும் வீட்டின் முன்னறையில் மாவரைத்து விற்று மானத்தோடு வாழ்கிறார்கள். இத்தகைய தொழிலில் இறங்க எண்ணுபவர்களை முதலில் எதிர்கொள்ளும் வினா, எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதே. அவ்வினாவைப் பற்றியே இன்று ஆராய விழைகிறோம். மாவரைப்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், இங்கே கூறப்படும் நெறிகளுட் பல தையல், அச்சு, எண்ணெய் ஆட்டுதல் முதலிய தொழில்களுக்கும் பொருந்தும்.

பெரிய ஆலைக்காரர் ஓர் இயந்திரத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டின் இலாபம் சற்றுக் குறையும். சிறு தொழில் செய்பவர் தவறினாலோ, வருங்கால வைப்பு நிதியாக வந்த தொகையும், அடகுக் கடைக்குப் போன நகையும் திரும்புவதில்லை. சிறு தொழிலுக்கு இயந்திரம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சுதந்திர இந்தியா தொடக்கத்திலேயே உணர்ந்தது. 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசியச் சிறு தொழிற் கழகத்தின் முதற்பணிகளுள் ஒன்று, சிறு தொழில் செய்வோர்க்குத் தவணை முறையில் இயந்திரம் கிடைக்கச் செய்வதாகும்.

அதே 1955-ஆம் ஆண்டில்தான் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மின்விசையால் இயங்கச் செய்து, இன்று நாம் கிரைண்டர் என்றழைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார் என்பர். 1930-களில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பெற்று, 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தளித்த பெருமையும் பெற்ற நகரம் அது. கோவைக் கிரைண்டருக்குப் பின்னாளில் புவியியல் குறியீடும் கிடைத்தது. ஆனால் பெயர் பெற்ற ஊரின் பொருள் என்பதனால் மட்டும் அது நமக்கேற்ற பொருளாகிவிடாது. நமது தேவை இன்னதென்று முதலில் நாமே அறிந்திருக்க வேண்டும்.

இயந்திரத்தைப் பார்க்கப் புறப்படுமுன் வேலையை அளந்துகொள்ளுதல் முதற்கடமை. நாளொன்றுக்கு 60 கிலோ மாவு விற்கக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உலர்ந்த தானியம் ஊறி அரைந்தபின் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ மாவாகும். எனவே 60 கிலோ மாவுக்கு 27 கிலோ தானியம் போதும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், அரிசி இருபத்தோரு கிலோவுக்குச் சற்று மேலும், உளுந்து ஐந்தரைக் கிலோ அளவிலும் வரும். ஒரு தடவைக்கு 5 கிலோ அரிசியை ஏற்கும் இயந்திரமாயின், அரிசிக்கு ஐந்து தடவை வேண்டும். உளுந்து அரையும்போது பொங்கிப் பெருகுவதால் ஒரு தடவைக்கு 3 கிலோ என்று கொண்டால் இரண்டு தடவை. ஆக ஏழு தடவை. கழுவுதல், வழித்தல் ஆகியவற்றையும் சேர்த்துத் தடவைக்கு 40 நிமிடம் என்றால், நான்கு மணி நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நண்பகலில் தொடங்கினால் விளக்கு வைக்குமுன் முடித்துவிடலாம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பாராதவர்களே, ஒரே தடவையில் 15 கிலோ அரைக்கும் பெரிய இயந்திரம் இன்றித் தொழிலே நடவாது என்று அஞ்சுகிறார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை தேவை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல். ஆங்கில விலைப்பட்டியல்களில் ‘கப்பாசிட்டி’ என்ற ஒரே சொல், பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பதையும், ஒரு மணி நேரத்தில் இயந்திரம் எவ்வளவு வேலை செய்யும் என்பதையும் குறிக்கும். தமிழில் முன்னதைக் கொள்ளளவு என்றும், பின்னதைச் செய்திறன் என்றும் பிரித்துச் சொல்லலாம். 20 லிட்டர் என்று எழுதியிருந்தால் அது விளிம்பு வரை நிரப்பிய கொள்ளளவா, மாவு சிந்தாமல் அரைக்கத்தக்க அளவா என்று கேட்க வேண்டும். அதற்கும் மேலாக, எத்தனை கிலோ ஊறிய உளுந்தை எத்தனை நிமிடத்தில் அரைக்கும் என்று கேட்பது நலம். லிட்டரில் வரும் விடையைக் காட்டிலும் கிலோவிலும் நிமிடத்திலும் வரும் விடையே நமக்குப் பயன்படுவது.

அடுத்து, அரைக்கும் முறை. வட்டமான இரு சாணைக்கற்களுக்கிடையே தானியத்தைச் செலுத்தித் தொடர்ச்சியாக அரைத்துத் தள்ளும் இயந்திரங்கள் உண்டு. அவை மிக விரைவானவை, அரிசிக்கு ஏற்றவை. கருங்கல் குழவி மெல்லச் சுழலும் கிரைண்டரோ உளுந்துக்கு உகந்தது. உளுந்து காற்றை உள்வாங்கிப் பஞ்சு போல் பொங்க வேண்டுமாயின் நிதானம் வேண்டும். சூடும் ஏறக் கூடாது. வேகம் மிகுந்தது சிறந்தது என்ற பொதுவிதி இங்கே செல்லாது. குழவியைத் தூக்காமலே பாத்திரத்தைச் சாய்த்து மாவை ஊற்றத்தக்க சாய்வு வகைக்கு விலை சற்று மிகுதி. ஆயினும் நாள்தோறும் ஏழு தடவை கனத்த கல்லைத் தூக்கும் பெண்மணியின் முதுகையும் கணக்கில் சேர்த்தால் அந்த மிகுதி பெரிதன்று.

இனி மின்சாரம். நாம் அறிந்த ஒரு குடும்பம், தில்லியின் ஒரு குடியிருப்பில் இருப்பது. குடும்பத் தலைவர் பணி ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் பெரும்பகுதியைச் செலவிட்டு, விற்பனையாளரின் சொல்லை நம்பிப் பெரியதோர் இயந்திரத்தைத் தருவித்தார்கள். வந்து இறங்கிய பின்னரே அது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது என்று தெரிந்தது. வீட்டில் இருந்ததோ ஒருமுனை இணைப்பு. வாடகை வீடாதலால் இணைப்பை மாற்ற வீட்டுக்காரர் இசையவில்லை. ஐந்து மாத காலம் அந்த இயந்திரம் துணி போர்த்திய கோலத்தில் மூலையில் நின்றது. கடனுக்கான வட்டி மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. இறுதியில் வாங்கிய விலையில் பாதிக்குச் சற்று மேலான தொகைக்கு அதை விற்று, சிறிய இயந்திரம் ஒன்றுடன் தொழிலைத் தொடங்கினார்கள். அதை முதலிலேயே வாங்கியிருந்தால் அவர்கள் மகளின் கல்லூரிச் சேர்க்கை ஓராண்டு தள்ளிப் போயிராது.

ஆகவே இயந்திரத்தை விசாரிக்குமுன் நமது மின்மானியை நோக்க வேண்டும். இணைப்பு ஒருமுனையா, மும்முனையா? அனுமதிக்கப்பட்ட பளு எத்தனை கிலோவாட்? 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். மோட்டாரில் வீணாகும் விசையையும் சேர்த்துப் பார்த்தால், முழுப்பளுவில் ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும். நாளைக்கு ஐந்து மணி ஓடினால் மாதத்துக்கு 150 யூனிட். அன்றியும், மோட்டார் தொடங்கும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய பழைய கம்பிகள் அதைத் தாங்கமாட்டா. மின்னழுத்தம் பத்து விழுக்காடு தாழ்ந்தால் மோட்டாரின் சுழற்றும் வலிமை ஏறக்குறைய இருபது விழுக்காடு குறையும். மாலையில் விளக்குகள் மங்கும் பகுதியில் குடியிருப்போர் நிறைபளுவில் இயந்திரத்தைத் தொடங்காதிருப்பது நன்று. வீட்டு உபயோகத்துக்கென்று பெற்ற இணைப்பில் தொழில் நடத்துவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அனுமதியற்ற உபயோகமாகக் கருதப்படலாம். எனவே விதியை மின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல். புளித்த மாவு அமிலத்தன்மை உடையது. அதனைத் தாங்கவல்லது 304 என்று எண்ணிட்ட துருப்பிடிக்காத எஃகு. இதில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் உண்டு. 202 என்ற வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அதனால் விலை தணிவு, உழைப்பும் தணிவு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று கடைகளில் சோதித்துக் காட்டுவதுண்டு. இவ்விரு வகைகளையும் காந்தத்தால் வேறுபடுத்த இயலாது என்பதை நினைவிற் கொள்க. வகை எண்ணை விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்வதே தக்க காப்பு.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றவரினும் முதன்மையான கேள்வி ஒன்றுண்டு. பழுதுற்றால் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? கோவையிலிருந்து தில்லிக்கு ஒரு பெல்ட் வந்து சேருமுன் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் பழகிவிடுவார். ஆகவே பெல்ட்டும் பேரிங்கும் பொது அளவினவா, அந்த நிறுவனத்துக்கே உரிய தனி அளவினவா என்று விசாரிக்க வேண்டும். 6205 என்று எண்ணிட்ட பேரிங் எந்த ஊர்க் கடையிலும் 25 மில்லிமீட்டர் துளையுடன்தான் கிடைக்கும். இத்தகைய பொது அளவுள்ள பாகங்களால் ஆன இயந்திரத்தை உள்ளூர்க் கம்மியரே சீர்செய்துவிடுவார். தேய்ந்த கல்லைக் கொத்தித் தருபவர் நம் நகரில் இருக்கிறாரா என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது விலைக்கு வருவோம். எடுத்துக்காட்டாகச் சிறிய இயந்திரம் 45,000 ரூபாய், பெரியது 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். ஐந்தாண்டு உழைப்பு, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் மொத்தம் 1,500 நாள். சிறியதற்கு நாளொன்றுக்கு 30 ரூபாய், பெரியதற்கு 80 ரூபாய் விழுகிறது. மிகுதியாகப் போட்ட 75,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் முதலாண்டில் 9,000 ரூபாய்; அதாவது நாளைக்கு இன்னும் 30 ரூபாய். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 80 ரூபாய், ஆண்டுக்கு 24,000 ரூபாய் வீணாகிறது. அதே 60 கிலோ மாவைத்தான் இரண்டு இயந்திரமும் தருகின்றன! தொழில் பெருகினால் என்ன செய்வது என்று வினவலாம். அப்போது மற்றுமொரு சிறிய இயந்திரம் வாங்கலாம். இரண்டும் சேர்ந்து 90,000 ரூபாய்தான். ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று ஓடும், கடை மூடப்படாது.

இவ்வளவும் கூறியபின் இன்னொன்றையும் கூறியாக வேண்டும். நாம் தேடும் இயந்திரம் நமக்கு வேண்டிய இயந்திரம்தானா? மாவு நன்றாகப் புளித்துப் பொங்குவதற்கு 30 பாகை செல்சியஸ் அளவான வெப்பம் உகந்தது. தில்லியில் சனவரி மாத இரவுகளில் வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குகிறது. மாவு விடிந்தும் பொங்காது. மே, சூன் மாதங்களில் பகல் வெப்பம் நாற்பதைத் தாண்டுகிறது; காலையில் நன்றாக இருந்த மாவு பிற்பகலில் புளிப்பேறி வீணாகிறது. அங்கே தொழிலின் குறுகலான வாயில் அரைப்பதில் இல்லை. மாவைக் காப்பதில் இருக்கிறது. பெரிய கிரைண்டருக்குச் செலவிட எண்ணிய தொகையில் ஒரு குளிர்சாதனப் பெட்டியும், குளிர்காலத்துக்கென்று கதகதப்பான ஒரு சிற்றறையும் அமைத்தால் விற்பனை உண்மையிலேயே உயரும். எந்தத் தொழிலிலும் வேலை எவ்விடத்தில் தேங்குகிறது என்று பார்த்து, அவ்விடத்துக்கு முதலில் இயந்திரம் வாங்குவதே அறிவுடைமை.

இறுதியாக வாங்கும் முறை. நமது அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்துக் கடைக்கே எடுத்துச் சென்று, நிறைபளுவில் நம் கண்முன் அரைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். கைக்கடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும். மாவைத் தொட்டுச் சூட்டை அறிய வேண்டும். அரைந்த மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் இட்லி வார்த்துப் பார்க்க வேண்டும். உத்தரவாதம் எத்தனை மாதம், அதில் மோட்டாரும் கல்லும் அடங்குமா, வந்து பொருத்தித் தருபவர் யார், நிலத்தொடர்புக் கம்பி அமைப்பது யார் பொறுப்பு என்பவற்றையெல்லாம் எழுத்தில் பெற வேண்டும். முறையான ரசீது இன்றி வாங்கலாகாது. இதே இயந்திரத்தை ஓராண்டாவது ஓட்டிய ஒருவரை நேரில் கண்டு பேசினால், பத்து விளம்பரத் தாள்கள் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

விற்பவர் நமக்கு இயந்திரத்தின் பெருமையை எடுத்துரைப்பார். அது அவர் தொழில். நமது வேலையின் அளவு, நமது மின்சாரத்தின் வலிமை, நமது ஊரின் தட்பவெப்பம், நமது கையிலுள்ள முதல் ஆகிய நான்கையும் அவர் அறியமாட்டார். அவற்றை அறிந்தவர் நாமே. அந்நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைப்படி ஏறுவோமாக. அத்தாளுக்குப் பொருந்தும் இயந்திரம் எளியதாயினும் அதனையே வாங்குவோம். பொருந்தாதது எத்துணைப் பளபளப்பாயினும் வணங்கி விடைபெற்று வருவோம்.