டப்பாவின் நிறம் என்ன சொல்கிறது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



குறுவை நட்டு மருந்து அடிக்கிற நேரம் இது. 'மருந்து, மருந்து' என்று சொல்லியே பழகிட்டோம். ஆனால் அது விஷம். அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

எழுத்து தெரியாத அக்காவும் டப்பாவைப் படிக்கலாம். சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி ஒரு படம் போட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம். மேலே மண்டை ஓடும் இருக்கும். அடுத்தது மஞ்சள், அதுவும் கடும் விஷம். நீலம் நடுத்தரம். பச்சை அதைவிடக் குறைவு. மஞ்சளும் பச்சையும் நமக்கு மங்கல நிறம். டப்பாவில் அப்படி இல்லீங்க. பச்சையும் விஷம்தான்.

நாங்கள் குழுக் கூட்டங்களுக்கு வரும்போது, காலி மருந்து கேனில் மண்ணெண்ணெய் வைத்திருப்பதைப் பார்க்கிறோம். "நல்லா கழுவிட்டோம்" என்கிறீர்கள். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த கேனில் எண்ணெய் வைத்ததே காரணம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. ஒரு கேன்தானே என்று நினைக்கலாமா?

அதனால் என்ன செய்வது?

மருந்தை அடுப்படியிலோ, நெல் மூட்டை பக்கத்திலோ வைக்காதீர்கள். தனியாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வேறு பாட்டிலில் மாற்றவே கூடாது. லேபிள் போனால் அது என்னவென்று யாருக்கும் தெரியாது.

காலியான கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றுங்கள். வாய்க்காலில் அலசாதீர்கள். அடுத்த படித்துறையில் நம்ம பிள்ளைதான் குளிக்குது, நம்ம மாடுதான் தண்ணி குடிக்குது. பிறகு கேனை ஓட்டை போட்டு நசுக்கி, வீடும் நீர்நிலையும் இல்லாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். திரும்பப் பயன்படுத்தாதபடி உடைத்துப் புதைக்க வேண்டும் என்று 1971-ம் வருட பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள், புகையும் விஷம்.

உடம்பில் மருந்து பட்டால் துணியைக் களைந்து சோப்பு போட்டுக் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால், கண்டதைக் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். டப்பாவையும் மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன விஷம், அதற்கு மாற்று மருந்து என்ன என்பதை டாக்டர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: 'எங்கள் உறுப்பினர் யார் வீட்டிலும் மருந்து கேன் புழங்காது.' அடுத்த மாதம் வரும்போது நாங்கள் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்போம்.