வண்டி நிற்கும் இடத்தில் நாமும் நிற்கிறோம்

(நமது சங்கத்தின் தில்லி அங்கத்தினர்களின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி போன வாரம் கூப்பிட்டு, "இந்தத் தடவை அன்றாட வாழ்க்கைக்கு உபயோகமா ஏதாவது பேசுங்கோ சார்" என்றார். தலைப்பு என்னவென்று கேட்டேன். "கார் பார்க்கிங்" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. இன்று காலை இந்த ஹால் வாசலைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரிந்திருக்கும்.

தில்லியில் முப்பது, நாற்பது வருஷமாக இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். 1970, 80களில் டிடிஏ குடியிருப்புகள் கட்டப்பட்டபோது வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருப்பதே பெரிய விஷயம். அதனால்தான் பல இடங்களில் ஸ்கூட்டர் கராஜ் என்று தனியாகக் கட்டினார்கள். முதல் மாருதி 800 சாவி 1983 டிசம்பரில்தான் கைமாறியது. அன்று போட்ட அதே சந்துகளில் இன்று வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிறது. சந்து அகலமாகவில்லை, காரும் சுருங்கவில்லை.

எவ்வளவு இடம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். தில்லி மாஸ்டர் பிளான் 2021, ஒரு கார் நிற்பதற்கும் வந்து திரும்புவதற்குமாகச் சேர்த்து, திறந்த வெளியில் 23 சதுர மீட்டரும், தரைத்தளத்தில் கூரையின் கீழ் என்றால் 28, பேஸ்மெண்டில் 32 சதுர மீட்டரும் கணக்கிட்டிருக்கிறது. 23 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 250 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் இரண்டை அதில் அடக்கலாம். தினம் இரண்டு மணி நேரம் கார் ஓட்டுகிறவருடைய வண்டி மீதி இருபத்திரண்டு மணி நேரம் எங்கேயோ ஓரிடத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஓட்டுவதற்குப் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறார்கள். இந்த இருபத்திரண்டு மணி நேரத்துக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓட்டும்போது ஒருவருக்கு இடைஞ்சல் செய்தால் அவர் ஹாரன் அடிப்பார், நாம் ஒதுங்குவோம். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகு நாம் அங்கே இல்லை. நமக்குப் பதிலாக வண்டி மட்டும் நிற்கிறது. அதனிடம் கெஞ்சவும் முடியாது, அவசரம் என்று சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. ஆகவே போகும்போதே மற்றவர்களுக்கு ஒரு வழியை வைத்துவிட்டுப் போகவேண்டும்.

"இத்தனை நாள் சமாளிக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். சமாளித்தோம். மார்க்கெட்டிலும் ஆபீஸ் வளாகத்திலும் பார்க்கிங்காரர் சொல்வாரே, "சார், நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க" என்று! ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விடாமல் போய்விடுவோம். பின்னால் இருப்பவர் வெளியே போகவேண்டுமானால் இரண்டு பேர் நம் வண்டியைத் தள்ளி ஒதுக்குவார்கள். சமதரையில் அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. (சரிவான இடத்தில் அப்படி விடுவது ஆபத்து. அங்கே ஹேண்ட்பிரேக்கும் கியரும் இரண்டுமே வேண்டும்.)

இப்போது வருகிற பல வண்டிகளில் அந்த வித்தை பலிக்காது. ஆட்டோமேட்டிக் காரில் 'பி'யில் போட்டால் கியர்பெட்டிக்குள் ஒரு கொக்கி விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடுகிறது. பல மாடல்களில் ஹேண்ட்பிரேக் என்று கைப்பிடியே கிடையாது, பட்டன்தான். என்ஜினை நிறுத்தியதும் தானாகவே பூட்டிக்கொள்கிற வண்டிகளும் இருக்கின்றன. அவற்றை நாலு பேர் சேர்ந்தாலும் தள்ள முடியாது. நம் பழக்கம் மட்டும் அந்தத் தள்ளுகிற காலத்திலேயே நிற்கிறது.

இதன் விளைவை நான் நேரில் பார்த்தேன். 2018 ஜனவரி, கடும் பனி. எங்கள் காலனியில், எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த மாமாவுக்கு ராத்திரி ஒரு மணிக்கு மூச்சுத் திணறல். எழுபத்தாறு வயது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் எங்கள் சந்து திரும்புகிற முனையில் ஒரு புதுக் கார். காருக்கு இடமிருந்தது, ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லை. நான், காவல்காரர், டிரைவர், மாமாவின் பிள்ளை என்று நாலு பேர் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. யார் வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. மறு பக்கத்து கேட் வழியாக வரலாம் என்றால், ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள், சாவி வேறொருவரிடம். கடைசியில் மாமாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து அந்தக் குளிரில் நூற்றைம்பது மீட்டர் தூக்கிக்கொண்டு போனோம். பகவான் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

காலையில் காருக்குச் சொந்தக்காரர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பக்கத்து பிளாக்குக்கு விருந்தாளியாக வந்தவர். விஷயத்தைக் கேட்டு நடுங்கிப் போனார். "யாராவது எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே" என்றார். நிஜமாகவே வந்திருப்பார். நம்பர் எங்கே இருந்தது? அவருடைய பாக்கெட்டில்தான் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவின்படி, ஓட்டிச் செல்லும்போது ஆம்புலன்ஸுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. தனியாகத் தண்டனை குறிப்பிடாத சாதாரணக் குற்றங்களுக்கோ 177வது பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய் வரைதான். ஆனால் ஸ்ட்ரெச்சரில் இருப்பவருக்கு ஓடுகிற வண்டி மறித்தால் என்ன, நிற்கிற வண்டி மறித்தால் என்ன? இரண்டும் ஒன்றுதான். ஆகவே அபராதத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளக்கூடாது. நடைபாதையிலும், பாதசாரிகள் கடக்கும் கோட்டிலும், அடுத்தவர் கேட் முன்னாலும் நிறுத்தக்கூடாது என்று 2017ஆம் வருஷத்து ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. இதைச் சொல்லச் சட்டம் வேண்டுமா என்ன?

இனி, நடைமுறைக்குச் சில விஷயங்கள்.

முதலாவது, போன் நம்பர். வெளியூர், வெளி காலனி எங்கே நிறுத்தினாலும் ஒரு அட்டையில் நம்பரை எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும்படி வையுங்கள். முன்பின் தெரியாதவர்கள் நம்பரைப் பார்ப்பார்களே என்று பெண்கள் தயங்குவது நியாயம். அவர்கள் காவல்காரரிடம் சொல்லி நோட்டில் எழுதிவைக்கலாம். அந்தப் போனை சைலண்டில் போட்டுவிட்டு உட்காரக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, கோடு. கோடு போட்ட இடத்தின் அகலம் சாதாரணமாக இரண்டரை மீட்டர். மாருதி 800ன் அகலம் சுமார் 1.4 மீட்டர். இரண்டு பக்கமும் தாராளமாக இடமிருக்கும். இன்றைய பெரிய வண்டிகள் சில 1.9 மீட்டர் வரை வருகின்றன. நடுவில் சரியாக நிறுத்தினாலே பக்கத்துக்கு முப்பது சென்டிமீட்டர்தான். ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்திவிட்டால், முட்டி ஆபரேஷன் ஆன மாமி மடிசாரோடு எப்படி இறங்குவார்? பெரியவர்களையும் குழந்தைகளையும் முதலில் இறக்கிவிட்டு, பிறகு உள்ளே நிறுத்துவதே உத்தமம்.

மூன்றாவது, ரிவர்ஸில் நிறுத்துவது. வரும்போது ஒரு நிமிஷம் கூட ஆகும். கிளம்பும்போது கண்முன்னே எல்லாம் தெரியும். பின்பக்கமாக வெளியே வந்தால், கீழே விளையாடுகிற குழந்தை கண்ணாடியில் தெரியாது. ஸ்டில்ட் பார்க்கிங்கில் சாயங்காலம் குழந்தைகள்தான் அதிகம். எப்படி நிறுத்தியிருந்தாலும், கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

நான்காவது, சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம். "இவ்வளவு அகலமா, சும்மாதானே கிடக்கு" என்று சிலர் அதில் நுழைந்துவிடுகிறார்கள். அதை 3.6 மீட்டர் அகலம் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கதவை முழுவதும் திறந்து, நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதில் மாறி உட்கார அந்தக் கூடுதல் இடம் வேண்டும். "ரெண்டே நிமிஷம்" என்று நாம் நிற்கிற அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் வந்தால் திரும்பித்தான் போகவேண்டும்.

ஐந்தாவது, இடம் பிடிப்பது. பூந்தொட்டி, செங்கல், ஓடாத ஸ்கூட்டர் இவற்றை வைத்துப் பொதுத் தெருவை நம்முடையதாக்கிக்கொள்வது. இதில்தான் சண்டையே ஆரம்பிக்கிறது. பார்க்கிங் தகராறு கைகலப்பில், சில சமயம் கொலையிலும் முடிந்த செய்திகளைப் பேப்பரில் படிக்கிறோம். பதினைந்து வருஷம் பட்சணம் பரிமாறிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் ஒரு தொட்டிக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அடுக்குமாடிகளில் இருக்கும் மும்பை, பெங்களூர், சென்னை அங்கத்தினர்களும் நம் இதழில் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட், மும்பையைச் சேர்ந்த ஒரு வழக்கில் 2010 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. திறந்தவெளிப் பார்க்கிங் பொது இடத்தில் சேர்ந்தது என்று 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமும் சொல்கிறது. இடத்துக்கு மேல் வண்டிகள் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை குலுக்கல் போடுவது என்ற முறை மும்பை சொசைட்டிகளில் உண்டு. போன வருஷம் வெயிலில் நின்ற வண்டி இந்த வருஷம் நிழலுக்கு வரும். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் உயரமான கட்டடங்களைச் சுற்றித் தீயணைப்பு வண்டிக்காக விட்டிருக்கும் ஆறு மீட்டர் வழியை மட்டும் எந்தக் குலுக்கலிலும் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, நம் வீட்டு விசேஷங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து, ஹால் கேட்டிலேயே வண்டியை விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறோம். பின்னால் சமையல்காரருடைய பாத்திர வேன் மாட்டிக்கொள்கிறது. அடுத்த ஆத்துக்குக் கிரஹப்பிரவேசத்துக்குப் போகவேண்டிய வாத்தியாரின் வண்டி மாட்டிக்கொள்கிறது. முதல் நாள் சாயங்காலம் ஜானவாசக் காரே மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை நடந்து வந்த கதையும் உண்டு!

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம்முடைய ஒவ்வொரு விழாவிலும் கேட்டில் இரண்டு இளைஞர்கள் ஒரு நோட்டோடு நிற்கட்டும். வண்டி நம்பர், போன் நம்பர் இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி அளவு இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். ஆம்புலன்ஸ் தவிர வேறு எதற்கும், தலைவருக்கும்கூட, அது கிடையாது. டிரைவர்களுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டுவிடுங்கள். பசியோடு சாப்பாடு தேடிப் போன டிரைவரிடம்தான் சாவி இருக்கும். அழைப்பிதழில் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் பெயரை அச்சிடுங்கள். நம்மில் பாதிப் பேர் அதிலேயே சௌகரியமாக வந்துவிடலாம்.

வயதான தாய் தந்தையர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. ராத்திரி அவர்களுக்காக வருகிற வண்டிக்கு வழி வேண்டும் என்றால், அடுத்த வீட்டுப் பெரியவருக்கு நாம் இன்றைக்கே வழி வைக்கவேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சந்தில் ஆம்புலன்ஸ் எந்த இடத்தில் திரும்பும், ராத்திரி கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

 சாப்பாடு தயார் என்று சைகை காட்டுகிறார்கள். எழுந்திருக்கும் முன், கேட்டை மறித்து நிறுத்தியிருப்பவர்கள் மட்டும் முதலில் போய் வண்டியை நகர்த்திவிட்டு வாருங்கள். உங்கள் இலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.