வரியும் வடமும்

நினைவுப் பொழிவு மேடையில் திருவிழாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'நாம்' என்ற சொல் மனிதருக்குள் எப்படி ஏறுகிறது என்று கேட்டால், திருவிழாவைத் தாண்டிப் போக முடியாது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1912இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் பேசினார். கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் அசையும்போது, தனியாக இருக்கையில் வராத ஓர் ஆவேசம் பிறக்கிறது. குழுவின் மீதான பற்று அதில் ஊறுகிறது என்றார். சரிதான். ஆனால் தாளத்தை அடிக்கிறவர் கூட்டத்துக்கு உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா? அது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மாரியம்மன் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பறையடித்துச் சாட்டினால்தான் விழா தொடங்கும். அருள் வந்து ஆடுகிறவருக்கு வேகத்தைக் கூட்டுவதும் தணிப்பதும் அந்தக் கைதான். ஊரையே ஆட வைத்தவர், விழா முடிந்ததும் ஓரமாக நின்று கூலி வாங்கிக்கொண்டு திரும்புவார். கிடைத்தது கூலி, பங்கு அல்ல.

பங்கு என்பது தலைக்கட்டு வரி. வரி கொடுக்கிற குடும்பம்தான் ஊரின் புள்ளி. பல ஊர்களில் சேரியிடம் வரி வாங்குவதில்லை. வெளியாளுக்கு அது சலுகைபோலத் தெரியும். வரி வாங்கினால் சாமி எந்தத் தெரு வழியாக வரும், முதல் மரியாதை யாருக்கு என்று நாமும் கேட்போம் அல்லவா? அதற்குத்தான் அந்தத் தாராளம். மளிகைக் கடையில் மட்டும் நம் காசுக்குத் தீட்டு இல்லை!

வடத்தின் கதையும் அதுதான். தேவகோட்டை அருகே கண்டதேவியில் எங்களுக்கும் வடத்தில் இடம் வேண்டும் என்று நம் மக்கள் கேட்டார்கள். வழக்கு, காவல், தடை என்று தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. நீதிமன்றம் தலையிட்டு, 2024 ஜூனில் காவல் சூழ ஓடியது.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் 1930 மார்ச் 2 அன்று தொடங்கியது. ராமநவமித் தேரை இரு தரப்பும் சேர்ந்து இழுப்பது என்று உடன்பாடு ஆனது. நம்மவர் கை படுமுன் தேரை வேறு வழியாக இழுத்துக்கொண்டு ஓடினார்கள், கல்லும் பறந்தது. 1935இல் இயோலாவில் அவர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது.

1956 அக்டோபர் 14, நாக்பூர். வெள்ளை உடுத்தி லட்சக்கணக்கானோர் கூடினார்கள். யாரும் யாருக்கும் வடம் ஒதுக்கவில்லை. 22 உறுதிமொழிகளையும் அவரவர் வாயால் சொன்னார்கள். தீட்சாபூமியில் இன்றும் ஆண்டுதோறும் அந்தக் கூட்டம் சேருகிறது. அங்கே புத்தகக் கடைகளில்தான் நெரிசல்.

நம் தெருவுக்கு வருகிறேன். ஏப்ரல் 14 ஊர்வலத்தில் ஆண்கள் பறைக்கு ஆடுகிறோம். பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பந்திக்குச் சமைக்கப் போகிறார்கள். வசூல் நோட்டில் ஆண் பெயர்தான். கணவனை இழந்தவர் வீட்டை அரை வரி என்று எழுதும் ஊர் வழக்கம் நம்மிடமும் சில இடங்களில் தொற்றியிருக்கிறது. அடுத்த ஏப்ரலுக்கு நோட்டுப் போடும்போது அவர் பெயரை முழு வரியில் எழுதுங்கள். பறையையும் அவர் கையில் கொடுங்கள்.