ஒரு முகவரியும் ஒன்பது மாதப் பதிவுகளும்



2020ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவில் ஃபயர்ஐ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம். அங்கே ஊழியர் ஒருவரின் கணக்கில் இரண்டாவதாக ஒரு செல்போன் பதிவாகியிருந்தது. பாதுகாப்புப் பிரிவினர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், “இது உங்களுடையதா?” இல்லை என்றார். அப்படியானால் யாரோ திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்திருக்கிறார்கள்.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால், சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருளில் போய் நின்றது. மார்ச் மாதம் முதலே அதன் அப்டேட்டுக்குள் உளவு நிரல் ஒளிந்திருந்தது. கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்கள் அதை நம்பி இறக்கியிருந்தார்கள். அமெரிக்கக் கருவூலத் துறையும் தப்பவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஃபயர்ஐ இதை மூடி மறைக்கவில்லை. அந்த நிரல் இரண்டு வாரம் வரை சும்மா கிடக்கும், பிறகு இன்ன இணைய முகவரியைத் தேடும் என்று டிசம்பர் 13 அன்று எல்லோருக்கும் சொல்லிவிட்டது. சைபர் பாதுகாப்புத் துறையில் ‘த்ரெட் இன்டெலிஜென்ஸ்’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஒருவர் வீட்டில் கிடைத்த தடயம், ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் காவல்.

அந்த முகவரிக்கு முன்னால் கன்னாபின்னாவென்று ஓர் எழுத்துச்சரம் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்துப் படித்தால், சிக்கிக்கொண்ட நிறுவனத்தின் நெட்வொர்க் பெயரே வெளிவரும்! ஆகவே ஒவ்வோர் அலுவலகமும், தன் கணினிகள் எந்தெந்த இணைய முகவரிகளைத் தேடின என்று காட்டும் டிஎன்எஸ் பதிவுகளைத் திறந்து அந்த முகவரியைத் தேடினால் போதும்.

பதிவுகள் இருந்தால்தானே தேட முடியும்? என் வேலையில் ஒரு நிறுவனத்தைப் பார்த்தேன். இத்தகைய எச்சரிக்கைத் தகவலுக்கு நிறையச் செலவழித்தார்கள். இடம் போதவில்லை என்று பழைய பதிவுகளை மட்டும் அழித்துவிட்டார்கள். ‘நாமும் சிக்கினோமா?’ என்ற கேள்வி வந்து நின்றபோது பதில் சொல்ல எதுவுமே இல்லை. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

நம் நாட்டில் 2022இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், மார்ச்சில் நுழைந்தவனை டிசம்பரில் தேட அது எட்டாது. ஓராண்டாவது வேண்டும் என்பேன்.

  செர்ட்-இன் எச்சரிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் படிக்க உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா, தேடிப் பார்க்கப் பழைய பதிவுகள் இருக்கின்றனவா என்று நாளைக்கே கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.